காய்ச்சல் விட்டால் போதாது

போர்வெல் போடுகிறவனுக்குப் படுக்கை என்று தனியாக ஒன்று கிடையாது. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே தார்ப்பாயை விரித்தால் அதுதான் வீடு. ஒரு குழி முடிந்து அடுத்த பாயிண்டுக்குக் கிளம்ப விடியற்காலையும் ஆகலாம், நடுராத்திரியும் ஆகலாம். இடையில் கிடைக்கிற நேரத்தில் சப்போர்ட் வண்டியின் பைப்புகள் மேல் ஒருவன், டயர் ஓரமாக ஒருவன், மரத்தடியில் ஒருவன் என்று சாய்வோம். கொசு கடித்தாலும் தெரியாது, பூச்சி ஊர்ந்தாலும் தெரியாது. கம்ப்ரசர் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவனை எது எழுப்பும்?

அதனால் எங்கள் தொழிலில் காய்ச்சல் சாதாரண விருந்தாளி. வந்தால் ஊசி, மாத்திரை, இரண்டு நாள் படுக்கை. மூன்றாம் நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு இல்லையே, ஏறு வண்டியில" என்பார்கள். நானும் அப்படித்தான் ஏறி இறங்கிக் கொண்டிருந்தேன். காய்ச்சல் விடுவது வேறு, வேலைக்குத் திரும்பும் தெம்பு வருவது வேறு என்று கற்றுக்கொடுத்தவை இரண்டு காய்ச்சல்கள். ஒன்று ஆப்பிரிக்காவில் வந்தது, இன்னொன்று சொந்த மண்ணில்.

எனக்கு ஊர் சித்தூருக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. 1953 அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போனது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, எங்கள் ஊர் வரவில்லை. இரண்டு பாஷையும் நாக்கில் இருந்ததுதான் எனக்குச் சோறு போட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எங்கள் ஜில்லாவுக்குள் வரும்போது விவசாயியிடம் தெலுங்கில் பேச ஆள் தேவைப்படும். ஏஜென்டுக்குக் கூடமாட இருக்கப் போனவன், ஹெல்பராகி, பிறகு டிரில்லரும் ஆகிவிட்டேன்.

பழைய சித்தூர் ஜில்லாவில் மேல்மண் கொஞ்சம்தான். அதைத் தாண்டிக் கேசிங் குழாய் இறக்கிவிட்டால் அப்புறம் வெறும் கருங்கல். மதனப்பள்ளி, பலமனேர் பக்கம் ஆயிரம் அடி என்றால் யாரும் வாயைப் பிளப்பதில்லை. ஒரு ராடு இருபது அடி. ஆயிரம் அடிக்கு ஐம்பது ராடு ஒவ்வொன்றாக இறக்கி, ஐம்பதையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். சுற்றுகிற இரும்புக்கும் ஹெல்பரின் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருக்கும்.

டிரில்லருக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். காற்றின் வேகத்தில் ஹேமர் கெட்டிப் பாறையை அடிக்கும்போது சத்தம் ஒரே சீராக இருக்கும். பாறையில் வெடிப்பு தட்டினால் அந்தச் சீர் குலையும், ராடு ஒரு தரம் உதறும். வெள்ளை மாவாகப் பறந்த தூள் கனத்து, ஈரமாகி, குழம்பாக வரும். தண்ணீர் தெரிந்துவிட்டது என்று விவசாயி கையெடுத்துக் கும்பிடுவதற்கு முன்பே எங்கள் காதுக்குத் தெரிந்துவிடும். பிட் தேய்ந்தாலும், ராடு இறுகிப் பிடித்தாலும் முதலில் காதுதான் சொல்லும். இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

ஒரு கம்பெனி தான்சானியாவுக்கு ரிக் அனுப்பியபோது கூடப் போகிற வாய்ப்பு வந்தது. வண்டி கப்பலில் தார் எஸ் சலாம் போய் இறங்கியது, நாங்கள் விமானத்தில் போனோம். வேலை உள்நாட்டில், தபோரா பக்கம். போய்ப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதே கருங்கல், அதே மொட்டைக் குன்றுகள். பாறையைப் பொறுத்தவரை நான் ஊரை விட்டு வந்ததாகவே தோன்றவில்லை. கொசுதான் வேறு.

மழை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் குளிர் எடுத்தது. அந்த வெயிலில் பல் கிட்டியது. வாந்தி, மண்டையிடி, எலும்பெல்லாம் முறித்துப் போட்டது போல வலி. எங்கள் லாரி டிரைவர் உள்ளூர்க்காரர், என் முகத்தைப் பார்த்ததுமே வண்டியை டிஸ்பென்சரிக்குத் திருப்பிவிட்டார். அங்கே கதை கேட்கவில்லை. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சின்ன பிளாஸ்டிக் அட்டை. கால் மணி நேரத்தில் கோடு விழுந்தது. ஃபால்சிபாரம் மலேரியா. மலேரியாவில் உயிரைக் குடிக்கக்கூடிய வகை அது.

கொடுத்தது ஆர்டிமீத்தர்–லூமிஃபேன்ட்ரின் கூட்டு மாத்திரை. வேளைக்கு நான்கு, மூன்று நாளில் ஆறு வேளை, மொத்தம் 24. நர்ஸ் அம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வெறும் வயிற்றில் போடக்கூடாது, பால் குடித்துவிட்டுப் போடு என்று. கொழுப்பு இருந்தால்தான் அந்த மருந்து ரத்தத்தில் சரியாக ஏறும். குமட்டுகிறவனுக்கு எண்ணெய்ப் பண்டமும் பாலும் விஷமாகத் தெரியும், ஆனால் மருந்து கேட்பது அதைத்தான். இன்னொரு விஷயமும் சொல்லி அனுப்பினார். குணமான பிறகும் சில வாரங்களுக்கு அந்த அட்டையில் கோடு விழக்கூடும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மாத்திரை வாங்கித் தின்னாதே என்று.

சூடு சீக்கிரமே இறங்கிவிட்டது. ஆனால் கூடாரத்திலிருந்து வண்டிக்கு நடப்பதற்குள் முழங்கால் நடுங்கும். ரத்தம் குறைந்திருந்தது. சமையல்கார அம்மா காலையில் ஒரு கோப்பையில் கூழ் கொண்டுவந்து வைத்தார். நிறத்தைப் பார்த்ததும் சந்தேகம், வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, கேழ்வரகு. எங்கள் ஊரில் ராகி சங்கட்டி, அதாவது களி, இல்லாத வீடு கிடையாது. காய்ச்சலில் கிடந்தவனுக்கு ராகிக் கஞ்சிதான் முதல் ஆகாரம். அங்கேயும் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதையே கொடுக்கிறார்கள். பிறகு விசாரித்தால் கேழ்வரகு முதலில் விளைந்ததே கிழக்கு ஆப்பிரிக்காவில்தானாம். அவர்கள் தானியத்தைத்தான் இத்தனை நாளும் நம்முடையது என்று தின்றிருக்கிறோம்.

வேலைக்குத் தயார் என்று போய் நின்றேன். ஃபோர்மன் அந்தப் பக்கத்து ஆள், பிறந்ததிலிருந்து மலேரியாவைப் பார்த்தவர். என் கையில் டீசல் கணக்கு நோட்டைக் கொடுத்து நிழலில் உட்காரச் சொல்லிவிட்டார். மலேரியாவிலிருந்து எழுந்தவனை உடனே ராடு பக்கம் விடுவதில்லை என்பது அவருடைய சட்டம். அதற்கு டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை. நிமிர்ந்து, குனிந்து, காலி டின்னைத் தூக்கி, ஏணியில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். மூச்சு வாங்கினால் மறுபடி நோட்டு. சம்பளத்தில் பிடித்தம் இல்லை. ஊரில் எந்த வண்டியிலும் நான் பார்க்காத வழக்கம் அது.

ஒப்பந்தத்துக்கு நடுவே லீவில் ஊருக்கு வந்தேன். திருப்பதி இன்னும் தனி மாவட்டம் ஆகாத காலம், 2022-க்கு முன்னால். மார்கழி மாதம். மச்சானின் வண்டிக்கு டிரில்லர் இல்லை, ஊருக்குப் போய்விட்டான். "இன்னா மாமா, சும்மாதானே கீற, நாலு பாயிண்ட் முடிச்சுக் குடு" என்று மச்சான் வந்து நின்றான். பாகாலா பக்கம் தோத்தாபுரி மாந்தோப்புகளில் வேலை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து தோப்பில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பனிக்கு ஒதுங்கி மரத்தடிப் புல்லில் படுத்தோம். துவைத்த லுங்கியைப் புதர்மேல் உலர்த்தினோம். எப்போதும் செய்வதுதான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பொங்கல் நெருங்கும் நேரத்தில் காய்ச்சல். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக். "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறார்" என்று என் மனைவி சொன்ன உடனே மலேரியாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அது சரிதான். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவனுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், தாமதித்தால் ஆபத்து. ரத்தத்தில் மலேரியா இல்லை. மறுநாளும் எடுத்தார்கள், இல்லை. டெங்குவும் இல்லை. "வைரல்" என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றி, தினம் ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். காய்ச்சல் அசையவில்லை. தலைவலி கண்ணுக்குப் பின்னால் இடித்தது. இருமல் வந்தது, அப்புறம் நாலு அடி நடந்தால் மூச்சிரைப்பு. என்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "அந்த ஊர் காத்து, அந்த ஊர் தண்ணி."

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். தேவஸ்தானம் 1993-ல் தொடங்கிய ஸ்விம்ஸும் அரசு ரூயா ஆஸ்பத்திரியும் இருக்கிற ஊர். சுற்றுவட்டாரத்தில் பெரிய காய்ச்சல் என்றால் வடக்கே திருப்பதி, தெற்கே வேலூர் சிஎம்சி, இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வண்டி கட்டுவோம். அக்கா வீடு திருப்பதியில் இருந்ததால் அங்கே கொண்டுபோனார்கள்.

பார்த்தது ஒரு இளம் டாக்டரம்மா. "எக்கட பனி சேஸ்தாரு?", எங்கே வேலை என்றார். தான்சானியா என்றேன். தலையாட்டிவிட்டு, அந்த நாட்டைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. போன மாதம் எங்கே வேலை, எங்கே படுத்தீர்கள், புல்லா கட்டிலா, துணி எங்கே காயப்போட்டீர்கள் என்று தெலுங்கில் அடுக்கினார். மாந்தோப்பு என்றதும் திரையை இழுத்து மூடி, சட்டையைக் கழற்றச் சொன்னார். டார்ச் அடித்து அக்குள், காது மடலுக்குப் பின்னால், கழுத்து என்று ஒவ்வொரு இடமாகத் தேடினார். லுங்கி முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். இடுப்பில், முடிச்சு அழுத்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். அமுக்கினார். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. இடுக்கில், வலிக்காமல் இருக்கிற புண்ணை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

"ஸ்க்ரப் டைஃபஸ்" என்றார். புல்லிலும் புதரிலும் இருக்கிற ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான், கண்ணில் படாது. உடைக்குள் ஏறி, துணி இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய தோலைத் தேடிக் கடிக்கும். அதன் எச்சில் வழியாக ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உள்ளே போகும். கடித்த 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். மழைக்குப் பிறகு, பனி மாதங்களில், எங்கள் பக்கத்தில் இது அதிகம். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். எனக்கு நுரையீரலில் ஆரம்பித்திருந்தது.

அத்தனை ஊசிக்கும் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் அவரே பதில் சொன்னார். இந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே போய்க் குடியிருப்பது, வழக்கமாகப் போடும் அந்த ஊசி வகை அதை ஒன்றும் செய்யாது. இதற்கு வேண்டியது டாக்ஸிசைக்ளின். விலை மலிவான, பழைய மாத்திரை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாலும் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. முதல் வாரத்தில் அந்தப் பரிசோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம், பொருக்கைப் பார்த்த பிறகு எதற்குக் காத்திருப்பது என்று உடனே தொடங்கினார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அப்படி விடுவதே இந்த நோய்தான் என்பதற்கு ஒரு சாட்சியாம்.

வெளிநாட்டுக் காய்ச்சல் என்று ஊரே பேசியது, கடைசியில் பாகாலாக் காய்ச்சலாக இருந்தது. படித்துப் பார்த்தபோது இதிலும் ஒரு பழைய கதை கிடைத்தது. 1920-களில் மலாயாவில், நம் ஜனங்களும் கூலிகளாகப் போன தோட்டங்களின் காலத்தில், எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் இந்தக் காய்ச்சலைக் கவனித்து, நகரத்து டைஃபஸிலிருந்து பிரித்துப் பார்த்தவர் டாக்டர் வில்லியம் ஃப்ளெட்சர். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் சிப்பாய்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்ததும் இதுவே. மருந்து கிடைத்ததும் மலாயாவில்தான். 1948-ல் குவாலாலம்பூரில் ஜோசப் ஸ்மடெல் குழுவினர் குளோராம்பெனிகால் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். காடு வெட்டியவன், தோட்டத்தில் குனிந்தவன், பள்ளத்தில் படுத்த சிப்பாய் என்று மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறவர்களைத்தான் இது தேடி வந்திருக்கிறது. 2023-ல் வேலூர் சிஎம்சி தலைமையில் இந்திய ஆஸ்பத்திரிகள் நடத்திய ஆய்வு வெளியானது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்பது அதன் முடிவு. என் இடுப்பில் டார்ச் அடித்த வட்டாரத்துக்குப் பக்கத்திலிருந்தே உலகத்துக்கு வைத்தியம் போயிருக்கிறது.

அக்கா வீட்டில் தங்கித் தேறினேன். டாக்ஸிசைக்ளின் காப்ஸ்யூலை நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும், உடனே படுத்தால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடு போட்டால் அதன் வேலை குறையும். தான்சானியாவில் பாலைக் குடி என்றார்கள், இங்கே பாலைத் தள்ளி வை என்றார்கள். மருந்துக்கு மருந்து சட்டம் மாறும், பழைய அனுபவத்தை வைத்துப் புது மாத்திரையைப் போடக்கூடாது.

எனக்காக அலிபிரி வழியாகப் படியேறுவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். "நீ ஏறு, நான் பஸ்ல வரேன்" என்றேன். "வேண்டுதல் உனக்குடா, நீயும்தான் ஏறணும்" என்றாள். திருமலைக்கு அந்த வழியில் 3,550 படி. டாக்டரம்மா இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலங்களில் அலிபிரிக்குப் போய் ஏறுகிற வரை ஏறி, மூச்சு வாங்கியதும் இறங்கிவிடுவேன். தபோரா ஃபோர்மனின் ஏணிப் பரீட்சையை ஏழுமலையான் படிகளில் நானே எனக்கு வைத்துக்கொண்டேன். தொடக்கத்தில் கையளவு படியிலேயே தொடை கெஞ்சியது. வயசானவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். அடிவாரத்திலிருந்து மேலே தெரியும் காலி கோபுரத்தைக் குறியாக வைத்திருந்தேன். அதுவரை உட்காராமல் ஏறுகிற நாளில்தான் ராடு பக்கம் போவது என்று முடிவு. மச்சான் போன் மேல் போன் போட்டான்: "காய்ச்சல்தான் போயிடுச்சே மாமா!"

காலி கோபுரம் எட்டிய பிறகுதான் மச்சானின் வண்டிக்குப் போனேன். அப்படியும் ஒன்று பாக்கி இருந்தது. ஹேமர் இறங்கியதும் சத்தம் அமுங்கிக் கேட்டது. காற்று அழுத்தம் குறைவோ என்று கேட்டேன். "மீட்டர் சரியாத்தான் கீதுண்ணா" என்றான் ஹெல்பர். வெடிப்பு தட்டியது, தூள் ஈரமாகி வந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இறங்கி, பக்கத்தில் நின்றவனிடம் பிளாட்ஃபாரத்தைக் கொடுத்துவிட்டேன். திருப்பதியில் கேட்டபோது, இந்தக் காய்ச்சலில் சிலருக்குக் காது மந்தமாவது உண்டு, பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார்கள். எனக்குத் திரும்பியது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்? தெர்மாமீட்டர் காட்டாத பாக்கி எத்தனையோ உடம்பில் இருக்கிறது.

இப்போது சித்தூர்ப் பக்கமே ஒரு ரிக் வண்டியில் ஆட்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வண்டியில் பாதிப் பேர் சத்தீஸ்கர், ஒடிசா பையன்கள். அவர்களுக்குச் சித்தூர்தான் வெளிநாடு. பாஷை தெரியாது, ஆஸ்பத்திரி எங்கே என்று தெரியாது, ஆதார் எண் தவிர இங்கே அவர்களுக்கு எதுவும் இல்லை. சிலருக்கு ஊரிலிருந்தே வைவாக்ஸ் மலேரியா கூட வருகிறது. அது கல்லீரலில் ஒளிந்து கிடந்து மாதக்கணக்கில் கழித்தும் திரும்பும். குளோரோகுயின் மூன்று நாள்தான், அதோடு காய்ச்சல் விட்டுவிடும். ஒளிந்ததைக் கொல்ல பிரைமாகுயின் 14 நாள் போட வேண்டும். சிலர் உடம்புக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, ரத்தம் உடையும் என்பதால் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு பத்துப் பதினோரு நாள் மாத்திரை போடச் சொன்னால் எந்தப் பையன் போடுவான்? அதனால் அட்டையை நான் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்கிறேன்.

தோப்பில் வேலை என்றால் புல்லில் படுக்க விடுவதில்லை, சப்போர்ட் வண்டிக்கு மேல்தான். துணி கயிற்றில் காயும், புதரில் இல்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். யாருக்காவது காய்ச்சல் என்றால் அக்குளையும் இடுப்பையும் பார்த்துவிட்டு, எந்த ஊரில், எந்தத் தோப்பில், எத்தனை நாள் முன்னால் படுத்தான் என்று ஒரு சீட்டில் தெலுங்கில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அந்தப் பையனால் சொல்ல முடியாததை அந்தச் சீட்டு டாக்டரிடம் சொல்லிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பையன்கள் காய்ச்சலை மறைத்தார்கள். காரணம் படிக்காசு. அடிக்கணக்கில்தான் எங்களுக்குப் படி, ராடு பிடிக்காத நாளில் அது இல்லை. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் குறையும் என்றால் நடுங்கிக்கொண்டே ஏறத்தான் செய்வார்கள். வண்டி முதலாளியிடம் போய், தேறுகிற நாட்களுக்கும் படி வேண்டும் என்றேன். "வேலை செய்யாதவனுக்கு அடிக்கணக்கா?" என்றார். கை நடுங்கி ஒரு ராடு நழுவி எண்ணூறு அடியில் விழுந்தால், அதைத் தேடி எடுக்க எத்தனை நாள், எவ்வளவு டீசல், கிடைக்காமல் போனால் ஹேமரும் பிட்டும் என்ன விலை என்று அவர் எதிரிலேயே கூட்டிக் காட்டினேன். விரல் போனால் ஆகிற செலவை அவர் கேட்கவும் இல்லை, நானும் கூட்டவில்லை. பாதிப் படிக்கு ஒப்புக்கொண்டார். அந்த மாதமே இரண்டு பையன்கள் தாங்களாக வந்து, "அண்ணா, உடம்பு சுடுது" என்றார்கள். மீதிப் பாதிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.